யார் என்று தெரியாமல் எவ்வளவு என்று அறிவது

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். மாணவர்களிடையே மது, புகையிலை, கஞ்சாப் பழக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அறிய வினாத்தாள் அடிக்கிறார்கள். தாளின் உச்சியில் தடித்த எழுத்தில் ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே துறை, ஆண்டு, பாலினம், சொந்த ஊர் என்று நான்கு கட்டங்கள். ஒரு மாணவி நிரப்புகிறாள்: தாவரவியல், இரண்டாம் ஆண்டு, பெண், நாலுமுக்கு. தாளை வாங்கும் ஆசிரியருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை, ஏனென்றால் நாலுமுக்கிலிருந்து வந்து அந்த வகுப்பில் படிப்பவள் அவள் ஒருத்திதான். மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் வரும். மேலே கல்லூரி கிடையாது. பிளஸ் டூவுக்குப் பிறகு படிக்க வேண்டுமென்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். அம்பை, பாபநாசம், ஆழ்வார்குறிச்சி, பாளையங்கோட்டை என்று ஆளுக்கொரு திசையில் ஹாஸ்டலிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் படிக்க வேண்டும். அதனால் எந்தக் கல்லூரியிலும் மலைப் பிள்ளைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். பெயர் எழுதாத அந்தத் தாளில் பெயர் இருக்கிறது.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே வாதத்தின் மேல் நிற்கிறது. போதைப் பழக்கக் கணக்கெடுப்புக்குத் தேவை எண், ஆள் தேவையில்லை. ஆளைக் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கும் கணக்கெடுப்பு மாணவருக்கு ஆபத்தானது என்பதோடு, அதில் கிடைக்கும் எண்ணும் தவறானது. மாணவரைக் காப்பது அறம், சரியான எண்ணைப் பெறுவது அறிவியல் என்று இரண்டையும் தனித்தனியாகப் பேசுவது வழக்கம். இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே வேலைதான். வினாத்தாளைக் கையில் வாங்கும் பத்தொன்பது வயதுப் பையன் மனதுக்குள் என்ன கணக்குப் போடுகிறான் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. எனவே இளங்கலை மாணவரில் பெரும்பாலோருக்கு ‘குடித்தேன்’ என்பதே ஒரு விதிமீறலின் ஒப்புதல். கஞ்சா என்றால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 27-ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை. சட்டம் வரை போவதற்கு முன்பே டிசி இருக்கிறது, வீட்டுக்குப் போகும் போன் இருக்கிறது. ‘இல்லை’ என்று குறித்தால் இந்தப் பயம் ஒன்றும் இல்லை. இவ்வளவையும் தாண்டி ஒருவன் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டுமானால், அந்தத் தாள் தன்னிடம் திரும்பி வராது என்று அவன் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதுதான் கணக்கெடுப்பவரின் முதல் வேலை. கேள்வி எழுதுவது அதற்கு அப்புறம்.

அரசே பெரிய அளவில் கணக்கெடுத்திருக்கிறதே, அந்த எண்களை எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். அந்த எண்களை எப்படி எடுத்தார்கள் என்று பார்த்தால் இந்த அத்தியாயத்தின் வாதம் இன்னும் தெளிவாகும். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள், ஆண்களில் 27.3, பெண்களில் 1.6 என்றது அது. இதற்காக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். ஆனால் ஹெராயின் போன்ற சட்டவிரோதப் பொருட்களுக்கு வீடுவீடாகப் போவது சரிவராது என்பதை ஆய்வாளர்களே ஏற்றுக்கொண்டு இரண்டாவது வழி ஒன்றைக் கையாண்டார்கள்: பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தமக்குத் தெரிந்த இன்னொருவரை அழைத்து வருவது, அவர் இன்னொருவரை அழைத்து வருவது. இப்படி எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தார்கள். வீட்டு வாசலில், குடும்பத்தார் காதுபடக் கேட்டால் பதில் வராது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டியதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதமும் பெண்களில் 0.3 சதவீதமும் மது அருந்துவதாகச் சொல்கிறது. பெண்களிடம் பழக்கம் குறைவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 0.3-இல் எவ்வளவு உண்மை, எவ்வளவு தயக்கம் என்று பிரித்துச் சொல்ல அந்த முறையால் முடியாது. வீட்டில் வைத்து, முகத்துக்கு நேரே கேட்டு வாங்கிய எண் அது.

புகையிலையில் நிலைமை வேறு. 2009-10-க்கும் 2016-17-க்கும் இடையில் இந்திய அளவில் புகையிலைப் பயன்பாடு 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆக இறங்கியது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2-லிருந்து 20.0 ஆக ஏறியது. நாடு இறங்கும்போது மாநிலம் ஏறியது என்ற அந்தத் தகவல் கவலை தருகிறது. ஆனால் அது பதினைந்து வயது முதல் முதியவர் வரை எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்த கணக்கு. உங்கள் கல்லூரி ஹாஸ்டலில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. 2022 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ‘போதைப்பொருள் இல்லா தமிழ்நாடு’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தபின் கல்லூரிகளில் போதை ஒழிப்பு மன்றங்கள் வந்தன, உறுதிமொழி ஏற்புகள் நடந்தன. இந்த முயற்சிகளால் பழக்கம் குறைந்ததா என்று யாராவது கேட்டால், முன்னும் பின்னும் அளந்த எண் ஒன்று கையில் இருக்க வேண்டும். அதை உங்களுக்காக வேறு யாரும் எடுத்துத் தரப்போவதில்லை.

கணக்கெடுப்பு என்றதும் ஆசிரியர் அறையில் எழும் முதல் மறுப்பு, ‘பசங்க எப்படியும் பொய்தான் சொல்வாங்க’ என்பது. ஓரளவு உண்மைதான். ஆனால் பொய் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கேட்கும் விதத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். தம் துறைத் தலைவரே தாளை விநியோகித்து, வரிசைக்குள் நடந்து, கையால் திரும்ப வாங்கினால் ஒரு விடை வரும். வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒருவர் விநியோகித்து, சொந்த ஆசிரியர் வெளியே போய், மாணவர்கள் தாளை மடித்துப் பூட்டிய பெட்டியில் தாங்களே போட்டால் வேறு விடை வரும். திருநெல்வேலி வட்டாரத்தில் கல்லூரிகள் அருகருகே இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள் ஒருவருக்கொருவர் மாற்றிப் போய் நடத்தித் தரலாம், செலவு பேருந்துக் கட்டணம்தான். கையெழுத்து தெரியும்படி எதையும் எழுதச் சொல்லாதீர்கள். எல்லாம் டிக் போடுவதாகவே இருக்கட்டும். விளையாட்டுக்காக ‘எல்லாம் செய்வேன்’ என்று குறிப்பவர்களைப் பிடிக்க ஐரோப்பியப் பள்ளி மாணவர் ஆய்வு ஒரு வழி வைத்திருக்கிறது. உலகத்தில் இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அதைப் பயன்படுத்தியதாகக் குறித்தவரின் மற்ற விடைகளைச் சந்தேகத்தோடு பார்க்கலாம். நீங்களும் வாய்க்கு வந்த ஒரு பெயரை உருவாக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது எந்த மாத்திரையின் பெயரோடும் ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மருந்துக் கடையில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு பிழை தாளின் அமைப்பிலேயே ஒளிந்திருக்கிறது. ‘நீங்கள் மது அருந்தியதுண்டா? இல்லை என்றால் 20-ஆம் கேள்விக்குச் செல்லவும்’ என்று ஒரு வரி எழுதுவார்கள். பார்ப்பதற்கு நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. அறையில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் மூன்று நிமிடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். பழக்கமுள்ளவர் மட்டும் தலை குனிந்து அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று புரட்டிக்கொண்டிருப்பார். பத்தாவது நிமிடத்தில் யார் இன்னும் எழுதுகிறார் என்பது அறைக்கே தெரியும். இரண்டாவது வகுப்பில் கணக்கெடுப்பு நடக்கும்போது இந்தச் செய்தி முதல் வகுப்பிலிருந்து வந்து சேர்ந்திருக்கும், எல்லோரும் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இதற்கு மாற்று எளிது: ‘இல்லை’ என்பவருக்கும் அதே எண்ணிக்கையில் கேள்விகள் வையுங்கள். தூக்கம், உணவு, செல்போன் நேரம் என்று எதையாவது கேளுங்கள். எல்லோரும் ஒரே அளவு பக்கம் புரட்ட வேண்டும், ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். கூகுள் படிவத்திலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. மின்னஞ்சலைச் சேகரிக்கும் வசதியை நிறுத்திவிட்டாலும், ஒவ்வொரு விடையும் எந்த நிமிடத்தில் வந்தது என்று அது பதிந்துவைக்கிறது. வகுப்பறையில் யார் முதலில் முடித்தார், யார் கடைசியில் முடித்தார் என்று பார்த்தவருக்கு அந்த நேரமே போதும். பகுப்பாய்வைத் தொடங்கும் முன் நேரப்பத்தியை அழித்துவிட்டு, விடைகளின் வரிசையைக் கலைத்துவிடுங்கள்.

கஞ்சா போன்ற கேள்விகளுக்கு இதைவிட உறுதியான பாதுகாப்பு ஒன்று உண்டு. 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்பவர் இதன் மூல வடிவத்தை வெளியிட்டார். பின்னால் வந்தவர்கள் எளிதாக்கிய வடிவத்தை இங்கே தருகிறேன். நமக்கு அது பூவா தலையா விளையாட்டுதான். ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்க்கிறார்கள். தலை விழுந்தால், உண்மை எதுவாக இருந்தாலும் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். பூ விழுந்தால் உண்மையைக் குறிக்க வேண்டும். இப்போது ஒரு தாளில் ‘ஆம்’ என்று இருந்தால் அந்த மாணவர் கஞ்சா புகைத்தவரா, அவருக்குத் தலை விழுந்ததா என்று முதல்வராலும் சொல்ல முடியாது, காவல்துறையாலும் சொல்ல முடியாது, கணக்கெடுத்த உங்களாலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தக் கணக்கு தெரியும். 400 பேர் என்றால் சுமார் 200 பேருக்குத் தலை விழுந்திருக்கும். அவர்கள் எல்லோரும் ‘ஆம்’. மொத்தம் 260 ‘ஆம்’ வந்திருந்தால், பூ விழுந்த 200 பேரில் 60 பேர் உண்மையிலேயே ‘ஆம்’ என்றிருக்கிறார்கள், அதாவது 30 சதவீதம். (இந்த எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தவை, எந்த ஆய்வின் முடிவும் அல்ல.) இதற்குக் கொடுக்கும் விலை துல்லியம். நேரடியாகக் கேட்டால் அதே 400 பேரில் கூட்டவோ குறைக்கவோ நாலரைப் புள்ளி தடுமாற்றம் இருக்கும். நாணய முறையில் அது ஒன்பதுக்கு மேல் போகும். தலை விழுந்தும் ‘ஆம்’ என்று குறிக்க மனம் வராமல் ‘இல்லை’ போடுபவர்களும் இருப்பார்கள், அதனால் கிடைக்கும் எண் உண்மையைவிடக் கொஞ்சம் கீழே இறங்கும். ஆகவே இந்த முறையை எல்லாக் கேள்விக்கும் போட வேண்டாம். சிறைத் தண்டனை வரை போகக்கூடிய ஒன்றிரண்டு கேள்விகளுக்கு மட்டும் வையுங்கள். தொடங்குமுன் மல்லிகை பிடிக்குமா, பிரியாணி பிடிக்குமா என்று ஏதாவது சாதாரணக் கேள்வியில் ஒருமுறை பழக்கிக் காட்டுங்கள். இப்போது பிள்ளைகள் பையில் சில்லறை வைத்திருப்பதில்லை. ஆளுக்கொரு ஒரு ரூபாய் நாணயம் நீங்களே கொண்டுபோங்கள்.

நம்பிக்கை கிடைத்த பிறகும் கேள்வியின் மொழி தவறினால் எண் தவறிவிடும். மதுவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விகள் உலகமெங்கும் பயன்படுகின்றன. 40-க்கு மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தீங்கு தரும் குடி என்று எடுத்துக்கொள்வார்கள். அதன் இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை ‘டிரிங்க்’ என்பது. அங்கே ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். நம் ஊரில் டிரிங்க் என்று அளந்து குடிப்பவர் யார்? குவார்ட்டர், கட்டிங், ஆஃப், பீர் என்பதுதான் கணக்கு. டாஸ்மாக்கில் விற்கும் குவார்ட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். பெருக்கிப் பாருங்கள்: 77 மில்லி ஆல்கஹால், எடையில் சுமார் 61 கிராம். அதாவது ஒரு குவார்ட்டர் என்பது ஆறு டிரிங்க். அதைப் பாதியாகப் பிரித்த கட்டிங் மூன்று டிரிங்க். 8 சதவீதம் உள்ள 650 மில்லி பீர் ஒன்று நான்கு டிரிங்க். வாரம் ஒருமுறை ஒரு குவார்ட்டர் குடிக்கும் மாணவரிடம் ‘எத்தனை?’ என்று கேட்டால் அவர் மனதார உண்மையாக ‘ஒன்று’ என்பார். ‘ஒரே நேரத்தில் ஆறு அல்லது அதற்கு மேல்?’ என்ற மூன்றாவது கேள்விக்கு ஆறு குவார்ட்டரை நினைத்துத் திகைத்து ‘ஒருபோதும் இல்லை’ என்பார். முதல் மூன்று கேள்விகளில் அவருக்கு 2 மதிப்பெண் கிடைக்கும். சரியாக அளந்திருந்தால் 7 வந்திருக்க வேண்டும், எல்லைக்கோட்டுக்கு ஒரு படி கீழே. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் ஆபத்திலிருக்கும் ஒருவர் பத்திரமானவராகப் பதிவாகிவிட்டார். எனவே தாளில் குவார்ட்டர், கட்டிங், பீர் என்றே அச்சிடுங்கள். படம் போட்டால் இன்னும் நல்லது. டிரிங்க்காக மாற்றும் வேலையை நீங்கள் பிறகு செய்துகொள்ளலாம்.

புகையிலைக்கும் இதே கவனம் வேண்டும். ‘புகைபிடிப்பீர்களா’ என்ற கேள்வி உதட்டுக்குள் ஒதுக்கும் கூல் லிப்பையும் ஹான்ஸையும் தவறவிட்டுவிடும். பீடி, சிகரெட், வாயில் போடும் புகையிலை, வேப் என்று தனித்தனி வரியாகக் கேளுங்கள். மின்சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது என்பதால் அது இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாமிரபரணிக் கரையில் இன்னொன்றும் உண்டு: முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் எத்தனையோ வீடுகளில் பெண்கள் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். ‘உங்கள் வீட்டில் புகையிலை இருக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்டால் அந்த வீட்டுப் பிள்ளை ‘ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், அம்மா ஒரு பீடியைக்கூட வாயில் வைக்காதவராக இருந்தாலும். கேள்வி பயன்பாட்டைப் பற்றியதா, தொழிலைப் பற்றியதா என்று வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். மாத்திரைகளுக்கும் அப்படித்தான், ‘மருத்துவர் எழுதித் தராமல்’ என்ற மூன்று சொற்களைச் சேர்க்காவிட்டால் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையும் கணக்கில் ஏறிவிடும்.

வகுப்பில் இருப்பவரிடம் மட்டும் கேட்பது அடுத்த பெரிய ஓட்டை. பழக்கம் தீவிரமானவர்தான் வகுப்புக்கு அதிகம் வராதவர். 1,000 பேர் உள்ள கல்லூரியில் அன்று 850 பேர் வந்து, அவர்களில் 10 சதவீதம், அதாவது 85 பேர் ‘ஆம்’ என்று சொன்னால் அறிக்கையில் 10 என்று எழுதுவோம். வராத 150 பேரில் 30 சதவீதம் பழக்கமுள்ளவர்கள் என்றால் அது 45 பேர். உண்மை எண் 13. ஆகவே ஒரே நாளோடு நிறுத்தாமல், வராதவர்களுக்காக இரண்டு வாரத்துக்குள் இன்னொரு நாள் அதே ஏற்பாட்டோடு பெட்டியை வையுங்கள். வகுப்பு வகுப்பாகத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வகுப்பு நண்பர்கள் ஒரே மாதிரி பழகுவார்கள் என்பதால் 40 பேர் உள்ள வகுப்பு 40 தனி ஆட்களுக்குச் சமமாகாது. வழக்கமான சூத்திரம் 385 பேர் போதும் என்றால், வகுப்பறை முறையில் அதை இரட்டிப்பாக்கி 800 பேரை எட்டப் பாருங்கள். கல்லூரிப் பட்டியலிலேயே இல்லாமல் போனவர்கள் இன்னொரு பக்கம். மாஞ்சோலைத் தோட்டத்தை சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த பாம்பே பர்மா நிறுவனம், குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே 2024-ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் போகச் சொன்னது. வருமானம் நின்ற வீட்டில் முதலில் நிற்பது பெரும்பாலும் பிள்ளையின் படிப்பு. அப்படி நின்றுபோன பிள்ளை எந்த வகுப்பறைக் கணக்கெடுப்பிலும் இருக்காது. உங்கள் எண் படிப்பில் தங்கியிருப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுவது நேர்மை.

இவ்வளவு சுற்றிவளைப்பதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடலாமே என்பார்கள். அது விடைகாண உதவாது. மது சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும். கஞ்சாவின் தடயம் நாள்கணக்கில், அடிக்கடி புகைப்பவரிடம் வாரக்கணக்கில் நிற்கும். எனவே மாணவர்களிடையே அதிகம் புழங்கக்கூடிய மதுவை அந்தச் சோதனை தவறவிடும். அதைவிட முக்கியம், அது ஆளைப் பிடிக்கும் கருவி. ஒருமுறை அதைச் செய்த கல்லூரியில் அதற்குப் பிறகு எந்த வினாத்தாளுக்கும் உண்மை கிடைக்காது. கேட்பதே பழக்கத்தைத் தூண்டிவிடாதா என்ற கவலை இன்னும் மதிப்பானது. பழக்கத்தைப் பற்றிக் கேட்பதே பழக்கத்தைச் சிறிது கூட்டலாம் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு; அதைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் எப்படிக் கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று கேட்காமல், மாணவர்களுக்குத் தெரியாத உண்மையான புதுப் பொருட்களை அறிமுகப்படுத்தாமல், கேள்விகளைக் குறைவாக வைக்க வேண்டும். கல்லூரிப் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு விடை, நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து நடத்தி எண்ணைச் சேர்த்தே வெளியிடுவது. தன் கல்லூரியின் எண்ணை அந்தந்த முதல்வர் மட்டும் அறிந்தால் போதும்.

எல்லா மறுப்புகளிலும் கனமானது இதுதான்: யார் என்று தெரியாவிட்டால் எப்படிக் காப்பாற்றுவது? பிள்ளைகள் மேல் அக்கறை உள்ள ஆசிரியர்தான் இதைக் கேட்பார், அதனால் இதற்கு முழு மரியாதையோடு விடை சொல்ல வேண்டும். உதவியின் வாசல் வேறாகவும், கணக்கெடுப்பின் வாசல் வேறாகவும் இருக்கட்டும். தாளோடு சேர்த்து எல்லோருக்கும், பழக்கம் உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமில்லாமல், ஒரு சிறு சீட்டைக் கொடுங்கள். அதில் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, கல்லூரி ஆலோசகர் இருக்கும் அறையும் நேரமும் இருக்கட்டும். போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்று அதே போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. இந்த ஒரு வரியை அந்தச் சீட்டில் அச்சிடுங்கள். உதவி தேடி வருபவர் தன் காலால் நடந்து வர வேண்டும். வினாத்தாளைப் பார்த்து அழைக்கப்பட்டவர் ஒருவர் இருந்தாலும் போதும், மறுநாள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் அந்த வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். ஒப்புதல் விஷயத்திலும் கவனம் தேவை: முதலாண்டு மாணவரில் 18 நிரம்பாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும் என்பது பொது நெறி. உங்கள் கல்லூரியில் நெறிமுறைக் குழு இல்லையென்றால் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் குழுவை அணுகுங்கள். ஒப்புதல் படிவத்தையும் விடைத்தாளையும் ஒரே கட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

கடைசியாக அறிக்கை. பெட்டியையும் நாணயத்தையும் காப்பாற்றிவிட்டு அட்டவணையில் கோட்டை விடுபவர்கள் உண்டு. பல கல்லூரிகளைச் சேர்த்து ஊர்வாரியாகப் பிரித்த அட்டவணையில் ‘மாஞ்சோலை: 9 பேரில் 3’ என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் ‘மலைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு’ என்று படிப்பார். புள்ளியியல்படி 9 பேரில் 3 என்பதற்குப் பின்னால் இருக்கும் உண்மை 7 சதவீதமாகவும் இருக்கலாம், 70 சதவீதமாகவும் இருக்கலாம். அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆனால் அது ஒட்டிக்கொள்ளும். 1999 ஜூலை 23-ல் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போய்த் தாமிரபரணியில் 17 உயிர்களைப் பறிகொடுத்த மக்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்களில் பலர் இப்போது வீட்டையும் விட்டு இறங்கி நிற்கிறார்கள். அவர்கள் தலையில் ஒரு பொய்ச் சதவீதத்தையும் ஏற்றிவைக்க நமக்கு உரிமை இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் கட்டத்தையும் அச்சிடாதீர்கள், பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். கூடவே, பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். சக மாணவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதை மாணவர்கள் உள்ளதைவிட மிகையாக எண்ணுகிறார்கள் என்று பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் இருவரும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் 1986-லேயே காட்டினார்கள். ‘எல்லாரும் அடிக்கிறாங்க’ என்று நம்பி முதல் கட்டிங்கைக் கையில் எடுப்பவருக்கு, எல்லாரும் அடிப்பதில்லை என்ற எண் சேர வேண்டும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வினாத்தாளின் முதல் பக்கத்தை மட்டும் ஏதாவது ஐந்து மாணவர்களின் விவரங்களால் நீங்களே நிரப்பி, அட்டெண்டன்ஸ் பதிவேட்டோடு சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். அந்த ஐந்து பேரில் ஒருவரையாவது அவர் அடையாளம் கண்டுவிட்டால், எந்தக் கேள்வி காட்டிக்கொடுத்தது என்று கேட்டு அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் அது சொந்த ஊர்க் கேள்வியாகத்தான் இருக்கும்.